ஒடுக்கம் இல்லாத படைப்பு

2024 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓர் உயிரினத்தை யாரும் உண்டாக்க வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். அந்த உயிரினம் இன்னும் உலகில் இல்லை. அதை உண்டாக்கக் குறைந்தது பத்தாண்டாவது ஆகும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அறிவியலுக்கு வெளியே நின்று அஞ்சுகிறவர்கள் எழுதிய கட்டுரை அல்ல அது. உயிரற்ற வேதிப்பொருள்களைக் கொண்டு உயிரணு ஒன்றைக் கட்டிப்பார்க்க முயலும் கேட் அடமாலா, ஆய்வகத்தில் கோத்தெடுத்த மரபணுத்தொகுதியால் 2010இல் ஒரு பாக்டீரியாவை இயங்கவைத்த கிரெய்க் வென்டர், நோபல் பரிசு பெற்ற ஜாக் சோஸ்டாக், கிரெகரி வின்டர், பெங்களூரிலிருந்து பரிணாமம் பற்றி ஆராயும் தீபா அகாஷே ஆகியோர் அந்த 38 பேரில் உண்டு. அடமாலா இந்த உயிரினத்தை நோக்கிய ஆராய்ச்சியில் தாமே இறங்கி, பிறகு அதைக் கைவிட்டவர். வேதியியல் உயிரைத் தொடும்போதெல்லாம் ‘இது கடவுளின் வேலையில் கைவைப்பது ஆகாதா’ என்ற கேள்வி எழுவது வழக்கம். இவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் சமயச் சிந்தனை கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றை அவர்கள் தங்களை அறியாமலே கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். படைக்கும் உரிமை யாருக்கு என்று தோற்றத்தின் பக்கம் நின்றே நாம் இவ்வளவு காலம் வாதிட்டுவந்தோம். முடிவின் பக்கம் நின்று பார்த்தால்தான் அந்தக் கேள்விக்கு உண்மையான பொருள் கிடைக்கிறது. அதைத்தான் இங்கே நிறுவ முயல்கிறேன்.

முதலில் அந்த உயிரினம் என்ன என்று பார்க்க வேண்டும். இடக்கையும் வலக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். விரல்களின் எண்ணிக்கை, நீளம், அமைப்பு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் வலக்கையின் உறைக்குள் இடக்கை பொருந்தாது. மூலக்கூறுகள் பலவற்றுக்கும் இந்தக் கைத்தன்மை உண்டு. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் திராட்சை மதுவின் பீப்பாய்களிலும் படியும். 1848இல், 25 வயதில், லூயி பாஸ்டர் அதனோடு தொடர்புடைய ஓர் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகை கலந்துகிடப்பதைக் கண்டார். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டையும் தனித்தனியே பிரித்தார். அவர் செய்ததில் பெரிதும் பேசப்படுவது இந்தப் பொறுக்கியெடுத்த வேலைதான். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது சில ஆண்டுகள் கழித்து அவர் கண்டது. இரண்டு வகையும் கலந்த கரைசலில் ஒரு பூஞ்சணம் வளர்ந்தது. அது ஒரு வகையை மட்டும் தின்று தீர்த்தது, மற்றதைத் தொடாமல் விட்டுவிட்டது. எடை, உருகுநிலை, கரையும் அளவு என்று எல்லாவற்றிலும் ஒத்த இரண்டு பொருள்களை உயிர் வேறுபடுத்திவிட்டது. தராசுக்குத் தெரியாத வேறுபாடு வாய்க்குத் தெரிந்தது என்று சொல்லலாம். பூமியில் உயிர் முழுவதும் ஒரே கைப்பழக்கம் உடையது என்று பிறகு தெளிவாயிற்று. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை வகை; டி.என்.ஏ.வின் முதுகெலும்பான சர்க்கரை வலக்கை வகை. ஆலமரத்திலும் அமீபாவிலும் மனித இரத்தத்திலும் இதே வழக்கம்தான். இந்தப் பேதம் நம் மூக்குக்கும் தெரியும்: புதினாவில் ஸ்பியர்மின்ட் வகையின் மணத்தையும் சதகுப்பை விதையின் மணத்தையும் தருவது கார்வோன் என்ற ஒரே மூலக்கூறுதான். ஒன்றில் ஒரு கை, மற்றதில் மறு கை.

கண்ணாடி உயிர் என்று அந்த 38 பேரும் குறிப்பிட்டது, இந்த வழக்கத்தை முற்றாகத் திருப்பிப்போட்ட ஒரு பாக்டீரியாவை. அதன் புரதங்கள் வலக்கை, டி.என்.ஏ. இடக்கை. இது வெறும் கற்பனை இல்லை. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக ஏற்கெனவே செய்யப்பட்டுவருகின்றன. 1992இல் ஸ்டீபன் கென்ட் குழுவினர் எச்.ஐ.வி. வைரஸின் ஒரு நொதியை முழுக்க வலக்கை அமினோ அமிலங்களால் கட்டினார்கள். அது கண்ணாடிப் பிம்பமான துணுக்குகளை மட்டும் வெட்டியது. இயல்பான துணுக்குகளை விட்டுவிட்டது. 2016இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் டிங் சூ குழுவினர் 174 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கண்ணாடி நொதியால் கண்ணாடி டி.என்.ஏ.வைப் படியெடுத்தார்கள். 2022இல் அதே ஆய்வாளர் 883 அமினோ அமிலங்கள் கொண்ட கண்ணாடி நொதியைக் கட்டி, புரதங்களைக் கோக்கும் எந்திரமான ரைபோசோமின் ஆர்.என்.ஏ. பகுதிகளைக்கூட எழுதவைத்தார். இடையில் 2021இல் வந்த ஆய்வொன்று எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. கண்ணாடி உயிருலகம் ஒன்று இருக்கக்கூடுமோ என்று 1860இல் பாஸ்டர் எழுதிய பத்தியைக் கண்ணாடி டி.என்.ஏ.விலேயே எழுதிவைத்தது அந்த ஆய்வு. அதோடு, குளத்திலிருந்து எடுத்த நீரில் சிறு அளவு டி.என்.ஏ.வைக் கலந்தும் பார்த்தார்கள். இயல்பான டி.என்.ஏ. ஒரே நாளில் படிக்கவே முடியாதபடி அழிந்துபோனது. கண்ணாடி டி.என்.ஏ.வை ஓராண்டு கழித்தும் படிக்க முடிந்தது. அந்த நீரில் இருந்த நுண்ணுயிர்களும் நொதிகளும் அதைத் தீண்டவே இல்லை. தகவலைச் சேமிக்க நினைப்பவருக்கு அது வெற்றி. நம் கேள்விக்கு அதுவே முதல் சான்று.

இனி பழைய கேள்விக்கு வருவோம். 1828இல் பிரெட்ரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைச் செய்தார். சிறுநீரகம் இல்லாமலே யூரியா கிடைத்துவிட்டது என்று தம் ஆசான் பெர்சிலியஸுக்குக் கடிதம் எழுதினார். உயிர்ப்பொருளை உயிர் மட்டுமே ஆக்கும் என்ற நம்பிக்கை அன்றே சரிந்தது என்று பாடநூல்கள் சொல்வது மிகை. அந்த நம்பிக்கை இன்னும் பல பத்தாண்டுகள் தள்ளாடியபடி நின்றது. ஆனால் வழக்கு அன்று தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் நம்பிக்கையாளர்கள் ஒரு கோட்டைக் கிழித்து, ‘இதற்கு அப்பால் வேதியியல் வராது’ என்றார்கள். வேதியியல் அந்தக் கோட்டைத் தாண்டியது. 2010இல் வென்டரின் பாக்டீரியா வெளியானபோது, ‘உயிர் படைக்கப்படவில்லை, உயிரின் எஞ்சின் ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது’ என்ற பொருளில் வத்திக்கான் நாளிதழ் எழுதியது. அன்றைய நிலையில் அது நிதானமான, சரியான விளக்கம்தான். ஆனால் அடுத்த படியில் எஞ்சின் மட்டுமல்லாமல் முழு வண்டியும் கட்டப்பட்டுவிட்டால் என்ன சொல்வது? பொருள்முதல்வாதியின் நிலையும் இதைவிட வலுவானது இல்லை. உயிரைச் செய்துகாட்டினால் உயிரில் புனிதம் ஏதும் இல்லை என்று நிரூபணமாகிவிடும் என்று அவர் நினைக்கிறார். இரண்டு தரப்பும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன: உயிர் எங்கிருந்து வந்தது, யார் கை பட்டு வந்தது. பிறப்பின் சான்றிதழை வைத்தே மதிப்பை அளக்கும் இந்த முறையில், கண்ணாடி பாக்டீரியாவிடம் எந்தக் குற்றமும் காண முடியாது. அதில் இருக்கும் அணுக்கள் நம்முடையவைதான். அதன் விதிகளும் நம்முடையவைதான். அதற்குள் எந்த ஊனமும் இல்லை. இயல்பான பாக்டீரியா எவ்வளவு முழுமையோ அதுவும் அவ்வளவு முழுமை. தோற்றத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது குறையே இல்லாத படைப்பு.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தின் ஒரு வாதம் எனக்குத் துணைக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். கடவுள் உண்டு என்று நிறுவுவதோடு அது தொடங்குகிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் வழியில் அல்ல. உலகம் தோன்றுகிறது, ஆகவே தோற்றுவித்தவன் ஒருவன் வேண்டும் என்று சொல்லி அது நின்றுவிடுவதில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்துதான் மீண்டும் தோன்ற முடியும். ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன் என்று முதல் சூத்திரம் முடிவுகட்டுகிறது. அழித்தலைச் செய்கிறவனுக்குத்தான் ஆதி என்ற பெயர். படைப்புத் தொழிலை மட்டும் உடையவன் அந்த மரபில் முழு முதற்பொருள் ஆவதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தும் ஒருவனிடத்தில் கூடியிருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சித்தாந்தத்தில் உயிர்கள் படைக்கப்படுவன அல்ல, அவை அநாதி. இறைவன் செய்வது மாயையிலிருந்து உடலையும் உலகையும் வனைந்து தருவது; குயவன் மண்ணைக் கொண்டு குடம் செய்வதுபோல. ஆகவே இருக்கும் பொருளைக் கொண்டு ஒருவர் உடல் ஒன்றை வனைந்தார் என்பதற்காகவே அவர் இறைவனின் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டுக்கு இங்கே இடமே இல்லை. மெய்கண்டாருக்கு நொதி தெரியும் என்றோ பாக்டீரியா தெரியும் என்றோ நான் சொல்லவில்லை. பழைய நூல்களில் புதிய அறிவியலைத் தேடிக் கண்டெடுப்பது இரண்டுக்குமே இழைக்கும் அநீதி. அவர் தருவது ஓர் உரைகல். படைப்பு நியாயமானதா என்று அறிய, படைத்தவன் யார் என்று கேட்காதே, அது எதில் ஒடுங்கும் என்று கேள் என்கிறது அந்த உரைகல். கடவுளை ஏற்காதவரும் அதைக் கையில் எடுத்து உரசிப் பார்க்கலாம்.

உரசிப் பார்ப்போம். நாம் சாவு என்று ஒரே சொல்லில் அழைப்பது உண்மையில் ஆயிரம் சிறு அடையாளம் காணல்களின் தொகுப்பு. ஒரு பாக்டீரியா நம் உடலுக்குள் நுழைந்தால், அதன் மேற்பரப்பின் சில வடிவங்களை நோய் எதிர்ப்பு அமைப்பின் வாங்கிகள் பற்றிப் பார்க்கின்றன. பிறகு அதன் புரதங்கள் சிறு துணுக்குகளாக வெட்டப்பட்டு, மற்ற அணுக்களுக்குக் காட்டப்படுகின்றன. வெட்டினால்தான் காட்ட முடியும். காட்டினால்தான் எதிர்ப்பொருள் உருவாகும். வெட்டும் நொதிகள் எல்லாம் ஒரு கைப்பழக்கம் உடையவை. 1993இல் ரூப்ரெடாக்சின் என்ற சிறு புரதத்தை இரண்டு வடிவிலும் செய்து விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். இயல்பான வடிவத்துக்கு எதிர்ப்பொருள்கள் எழுந்தன. கண்ணாடி வடிவத்துக்குக் குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எழவில்லை. உடலுக்கு வெளியே மண்ணிலும் கடலிலும் கதை இதேதான். பாக்டீரியாக்களின் பெருக்கத்தை அங்கே கட்டுக்குள் வைத்திருப்பவை அவற்றைத் தாக்கும் வைரஸ்களும் அவற்றை விழுங்கும் ஒருசெல் உயிர்களும். பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்தினால்தான் அந்த வைரஸ் உள்ளே போகும். கண்ணாடிப் பூட்டுக்குள் அது போகாது. விழுங்கும் உயிரோ விழுங்கினாலும் செரிக்க முடியாமல் தவிக்கும். கண்ணாடி பாக்டீரியா கொடியதாக இருக்கத் தேவையே இல்லை. யாரையும் தாக்கும் நோக்கமும் அதற்கு வேண்டாம். தின்னப்படாமல் பெருகுவது ஒன்றே போதும். ஒவ்வோர் உயிரும் உண்ணும், உண்ணப்படும். இந்த இரண்டாம் பாதி அறுந்துபோன உயிர் அது. மெய்கண்டாரின் சொல்லில், தோற்றமும் நிலையும் உண்டு, ஒடுக்கம் இல்லை.

வேதி உயிரியலின் மற்றப் புதுமைகளையும் இதே உரைகல்லில் உரசினால் விடை வேறாக வருகிறது. செயற்கை என்பதனாலேயே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்று அதனால்தான் சொல்கிறேன். 2014இல் பிலாய்ட் ரோம்ஸ்பெர்க் குழுவினர் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபு எழுத்துகள் நான்கோடு, உயிர் வரலாற்றில் இல்லாத இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். 2017இல் அந்த எழுத்துகளைப் படித்துப் புதுவகை அமினோ அமிலத்தைப் புரதத்தில் சேர்க்கவும் அந்தப் பாக்டீரியாவைப் பழக்கினார்கள். கேட்பதற்குக் கண்ணாடி உயிரைவிட இது பெரிய அத்துமீறலாகத் தோன்றும். உயிரின் அரிச்சுவடியிலேயே கைவைத்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு எழுத்துகளுக்கான மூலப்பொருளை ஆய்வாளர் வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுவதை நிறுத்தினால் புதிய எழுத்துகள் மறைந்துபோகும். அதன் உடலையோ மற்ற எந்தப் பாக்டீரியாவின் உடலையும்போலவே தின்பவை தின்னும். கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழுவினர் 2019இல் ஈ.கோலையின் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகளையும் புதிதாக எழுதினார்கள். 18,214 இடங்களில் சொற்களை மாற்றி, 64 மூன்றெழுத்துச் சொற்களில் மூன்றைக் காலியாக்கினார்கள். 2025இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை மாற்றி, 57 சொற்களோடு வாழும் பாக்டீரியாவையும் உண்டாக்கினார்கள். முதல் வகையை மேலும் திருத்தியபோது வைரஸ்களால் அதைத் தாக்க முடியவில்லை. இங்கே ஒடுக்கத்தின் ஒரு கதவு மூடப்பட்டது உண்மை. என் மனத்தில் ஐயம் எழுந்ததும் இங்கேதான். ஆனால் 2023இல் ஜார்ஜ் சர்ச் குழுவினர் சுற்றுச்சூழலில் தேடியபோது, தேவையான கருவியைத் தம்மோடு சுமந்துவந்து அந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் ஏற்கெனவே இருப்பதைக் கண்டார்கள். மொழி மாறினாலும் எழுத்து ஒன்றாக இருந்ததால் உலகத்தால் அதைப் படிக்க முடிந்தது. செயற்கை அமினோ அமிலம் ஊட்டப்பட்டால் மட்டுமே வாழும் பாக்டீரியாக்களை 2015இலேயே இரண்டு குழுக்கள் செய்துவிட்டன. இது அழித்தலையும் படைப்போடு சேர்த்தே எழுதிவைக்கும் பழக்கம். அந்த ஆய்வாளர்களிடம் நான் மதிப்பது இதைத்தான்.

2022இல் வேதியியல் நோபல் பரிசை மோர்டன் மெல்டால், பேரி ஷார்ப்லெஸ் ஆகியோரோடு பகிர்ந்துகொண்ட கேரலின் பெர்டோசியின் வேலை இதைத் தெளிவாக்கும். உயிருள்ள அணுவுக்குள் அதன் மற்ற வேலை எதற்கும் இடையூறு செய்யாமல், அணுவும் கண்டுகொள்ளாமல், இரண்டு மூலக்கூறுகள் மட்டும் ஒன்றையொன்று தேடிச் சேரும் வினைகளை அவர் உருவாக்கினார். அணுக்களின் மேலுள்ள சர்க்கரைகளைப் பார்க்க அது ஒரு கண்ணைத் தந்தது. உயிரால் அடையாளம் காணப்படாமல் இருப்பது அங்கே நற்பண்பு. கண்ணாடி பாக்டீரியாவிடம் அதே பண்புதான் ஆபத்து. வேறுபாடு ஒன்றே ஒன்று: பெர்டோசியின் மூலக்கூறு தன்னைத் தானே படியெடுப்பதில்லை. ஆகவே கண்ணாடி மூலக்கூறுகளை அஞ்சத் தேவையில்லை. நொதிகள் வெட்டாததால் உடலில் நெடுநேரம் தங்கும் மருந்துகளை அவை தரும். பெரும்பாலும் வலக்கை அமினோ அமிலங்களால் ஆன எடெல்கால்சிடைட் சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்கெனவே தரப்படுகிறது. ஒரு மருந்துத் துளி மக்காமல் கிடந்தாலும் அது அந்த ஒரு துளிதான். பெருகும் பொருளுக்குத்தான் ஒடுக்கம் கட்டாயம்.

கண்ணாடி உயிருக்கு ஒடுக்கம் இல்லை என்ற வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. இயற்கை அவ்வளவு ஒற்றைக் கை உடையது இல்லை என்பது முதலாவது. பாக்டீரியாக்களின் சுவரில் வலக்கை அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நொதி நம் சிறுநீரகத்திலேயே இருப்பதை 1935இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டார். மேலும் உணவின்றி எந்த உயிரும் பெருகாது. நம் உலகின் சர்க்கரைகளும் புரதங்களும் கண்ணாடி உயிருக்கு உணவாகா, அது பட்டினியில் சாகும் என்கிறார்கள். இரண்டும் உண்மையான வேதியியல். ஆனால் அந்தச் சிறுநீரக நொதி தனித்தனி அமினோ அமிலங்களைத்தான் சிதைக்கும். அவை நூற்றுக்கணக்கில் கோத்துக்கிடக்கும் புரதத்தை முதலில் வெட்டித்தர யாரும் இல்லை. உணவைப் பொறுத்தவரை, கிளிசரால், கிளைசின் போன்று கைபேதமே இல்லாத பொருள்கள் எங்கும் உண்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் கண்ணாடி உயிராக இருந்தால் கரியமில வாயுவும் வெயிலுமே அதற்குப் போதும். இவற்றுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அது தட்டுத்தடுமாறி மெதுவாகத்தான் வளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தின்பவர் இல்லாத ஒன்றுக்கு வேகம் தேவையில்லை. எது அழிக்கும் என்றால் நெருப்பு அழிக்கும், கடும் வெயில் அழிக்கும், அமிலம் அழிக்கும். நெருப்புக்குக் கைபேதம் தெரியாது. ஆனால் மண்ணைத் தீயிட்டுத் தூய்மை செய்ய யாராலும் முடியாது.

அப்படியானால் அழிப்பதையும் நாமே செய்யலாமே என்பது அடுத்த மறுப்பு. கண்ணாடி பாக்டீரியாவைக் கட்ட முடிந்தவர்களால் அதைத் தாக்கும் கண்ணாடி வைரஸையும் கட்ட முடியும், கண்ணாடி ஆன்டிபயாடிக்கையும் கட்ட முடியும். ஆகாயத்தாமரை தமிழ்நாட்டு ஏரிகளை மூடியதை நினைத்துப் பார்த்தால் இந்த மறுப்பின் வலுவும் புரியும், அது எங்கே நின்றுபோகிறது என்பதும் புரியும். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. தன்னைத் தின்னும் பூச்சிகளை ஊரில் விட்டுவிட்டுச் செடி மட்டும் வந்தது. 1980களில் அதன் சொந்த ஊரைச் சேர்ந்த கூன்வண்டுகளை வரவழைத்து இந்தியாவில் விட்டார்கள். சில நீர்நிலைகளில் பலன் கிடைத்தது, பல ஏரிகள் இன்னும் அதன் கீழேதான் கிடக்கின்றன. ஒடுக்கம் உள்ள செடிக்கே, அந்த ஒடுக்கத்தை இன்னோர் இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது இவ்வளவு அரைகுறையாகத்தான் முடிந்தது. கண்ணாடி பாக்டீரியாவுக்குச் சொந்த ஊரே கிடையாது; போய் அழைத்துவர வண்டு எங்கும் இல்லை. கண்ணாடி வைரஸ் அதைக் கொன்றால் அதன் உடலை மக்கவைக்க ஒரு கண்ணாடிப் பூஞ்சை வேண்டும். அந்தப் பூஞ்சையைத் தின்ன இன்னொன்று வேண்டும். கடைசியில் ஓர் உலகத்தையே கட்ட வேண்டியிருக்கும். அழித்தல் பிறகு ஒட்டவைக்கும் பொருள் இல்லை என்பதைத்தான் மெய்கண்டாரின் வரிசை காட்டுகிறது: ஒடுக்கம் முன்னே இருந்தால்தான் தோற்றத்துக்கு இடம்.

இயற்கையே இதைச் செய்திருக்கிறதே என்றும் கேட்கலாம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகள் ஆக்சிஜனை வெளியிட்டுக் காற்றை மாற்றின. அன்றைய பெரும்பாலான உயிர்களுக்கு அது நஞ்சு. அந்த நஞ்சை மூச்சாக்கிக்கொள்ள உயிர் கற்றது, நாமும் அதனால்தான் இருக்கிறோம். ஆகவே கண்ணாடி உயிரையும் உலகம் ஒருநாள் தின்னக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் பாடத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இடையில் அழிந்தவற்றின் கணக்கு யாரிடமும் இல்லை. பாசிக்குத் தெரிந்து செய்யும் வல்லமை இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை. விளைவை முன்கூட்டிக் கட்டுரையாகவே எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்காது.

ஆபத்தைக் கணக்கிட்டால் போதாதா, எதற்கு மெய்கண்டார் என்ற கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அந்த 38 பேரும் ஆபத்தைத்தான் பேசினார்கள், சமயத்தைப் பேசவில்லை. ஆனால் ஆபத்தின் கணக்கு எப்போதும் பேரத்துக்கு உட்பட்டது. நிகழ வாய்ப்பு எவ்வளவு, கிடைக்கும் பயன் எவ்வளவு என்று இரண்டையும் பெருக்கி, பயன் பெரிதாக இருந்தால் துணியலாம் என்று அது சொல்லும். வாய்ப்பு மிகச் சிறிது என்று நாளை ஒருவர் காட்டினால் தடை தளர்ந்துவிடும். ஒடுக்கத்தின் அளவுகோல் கேட்பது வேறு: எந்த அளவில் என்பதை அல்ல, எந்த வகையில் என்பதை. ஒரு நச்சுவாயுக் கசிவு எவ்வளவு கொடியதானாலும் ஒருநாள் கலைந்துபோகும். அதன் துயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒடுக்கமில்லாத உயிரின் விளைவுக்கு அந்த எல்லையைக் குறிக்கவே முடியாது. எல்லை குறிக்க முடியாத ஒன்றை வாய்ப்பால் பெருக்கிப் பார்ப்பதில் பொருள் இல்லை. இங்கே சமயச் சிந்தனை கணக்கை மறுக்கவில்லை. கணக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்கிறது. அறிவின் சுதந்திரம் பறிபோகும் என்ற அச்சமும் இந்த இடத்தில் மிகையானது. 1974இல் பால் பெர்க்கும் தோழர்களும் மரபணு ஒட்டும் சோதனைகளில் சிலவற்றை நிறுத்திவைக்கும்படி கேட்டார்கள். 1975இல் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி விதிகளை வகுத்தார்கள். துறை அழிந்துபோகவில்லை. 1982இல் பாக்டீரியாவில் விளைந்த மனித இன்சுலின் மருந்துக் கடைக்கு வந்தது. ஓரறிவு உயிர்க்கும் தீங்கு நினையாத சமணர், ‘ஓர் உயிரை வராமல் தடுப்பது மட்டும் அறமா’ என்று கேட்கக்கூடும். வந்த உயிரைக் கொல்வது வேறு, இல்லாத ஒன்றை வரவழைக்காமல் இருப்பது வேறு. உண்மையில், வரவழைத்த பிறகுதான் கொல்ல வேண்டிவரும். அதுவும் கொல்ல முடியாதபோது.

கோடு எங்கே என்பது இப்போது ஆய்வகங்களில் நடக்கும் விவாதம். 2025 ஜூனில் பாரிஸில், பாஸ்டரின் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே, இதற்காகக் கூடிப் பேசினார்கள். கோடு விழக்கூடிய இடங்களில் ஒன்று கண்ணாடி ரைபோசோம். புரதங்களைக் கோக்கும் அந்த எந்திரம் தன்னைத் தானே படியெடுக்காது. நான் எடுத்துக்கொண்ட அளவுகோலின்படி அது விலக்கப்பட வேண்டிய பொருள் இல்லை. அதனால் கிடைக்கும் மருந்துகளும் உண்மையானவை. ஆனால் வேதியியலாளர் மாதக்கணக்கில் கையால் கட்டும் கண்ணாடிப் புரதங்களை அது நிமிடங்களில் கட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடி அணுவுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் ஒரே குழாயில் கிடைக்கும். ஆகவே அதைச் செய்ய விரும்புகிறவரிடம் ஒன்றை முன்கூட்டிக் கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன்: இதிலிருந்து ஒருவர் உயிரணுவைக் கட்டினால் எது அதைத் தின்னும் என்று குளத்து நீரில் காட்டிவிட்டுத் தொடங்கட்டும். ஈ.கோலையின் ரைபோசோமில் ஆர்.என்.ஏ. மூன்று, புரதங்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். மூன்று ஆர்.என்.ஏ.க்களின் கண்ணாடி வடிவங்களும் 2022இலேயே எழுதப்பட்டுவிட்டன.